மூன்று மீட்புப் படகுகள்

ஒன்பது வருஷம் ஒரு தீவில் கணக்கு எழுதினேன்.
ஓடினால் இருபது நிமிஷத்தில் முடிந்துபோகிற தீவு.
அங்கே அலை மட்டும்தான் உள்ளூர்ச் சரக்கு.
அலையில் ஏற வந்தவனுக்கு
வெங்காயம் கப்பலில் வந்தது,
கட்டில் கப்பலில் வந்தது,
அவன் கால் கழுவிய தண்ணீர்கூட
டீசல் எரித்துக் கடலிலிருந்து பிழிந்தது.
அவன் கொடுத்த டாலர்
அடுத்த கப்பலில் ஏறிப் போனது.
மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால்
தீவுக்கு மிஞ்சியது
உடைந்த பலகைகள்.

இதை கலெக்டர் ஆபீஸில் சொல்லியிருக்க வேண்டும்.
“அனுபவம் உள்ளவர்” என்று நாற்காலி போட்டார்கள்,
உட்கார்ந்துவிட்டேன்.

உவரிக்குத் தெற்கே எங்கள் கரை.
ஆனி பிறந்தால் கச்சான் வந்து
கூரை ஓடுகளை எண்ணிப் பார்க்கும்.
பட்டம் கட்டிய பலகையில் கடல்மேல் பறக்கிற விளையாட்டுக்கு
இதைப்போல் காற்று இல்லை என்று
வரைபடம் விரித்துக் காட்டினான் டெல்லிப் பையன்.
அது வீசுகிற நாளெல்லாம்
வள்ளம் கரையில் கிடக்கும், உலை காயும்.
அதற்கு விலை உண்டென்று
அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம்.

கமிட்டியில் முதல் கேள்வி கக்கூஸ்.
பதினோரு தேசத்து ஆட்கள் நாற்பது பேர்,
உட்காரும் பீங்கான் ஊரில் ஒன்று,
சாமியார் பங்களாவில்.
அடுத்தது, வாகைக்குளத்தில் இறங்கும் குட்டி விமானம்:
ஆள் ஏறலாம், பலகை ஏறாது.
பலகைகள் சென்னையில் நின்று
பார்சல் லாரியில் வந்தன.
திசையன்விளை லாட்ஜின் மாடிப்படியில் திரும்பாமல்
அதில் ஒன்று மூக்கை உடைத்துக்கொண்டது.
தண்ணீர் லாரிக்காரன் கல்யாண சீசன் ரேட் சொன்னான்.
ஆம்புலன்ஸ் நாகர்கோவிலுக்கா பாளையங்கோட்டைக்கா என்று
ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டார்கள்;
எந்த எலும்புக்கு எந்த ஊர் என்று
கடைசிவரை முடிவாகவில்லை.

வலை உலர்த்தும் மணலை மூன்று நாள் கேட்டபோது
பெர்னபாஸ் எழுந்தான்.
“காத்து அடிச்சா எங்களுக்கு வேலை இல்ல.
காத்து அடிச்சாத்தான் உமக்கு வேலை.
ரெண்டு பேருக்கும் சண்டையே இல்லியே வே,
எழுதிக்கிடும்.”
மீட்புப் படகு மூன்று,
படகுக்கு நாளொன்றுக்கு நாலாயிரம்,
டீசல் தனி.
பெர்னபாஸ், இஞ்ஞாசி கையெழுத்துப் போட்டார்கள்;
புருஷன் பேரில் இருந்த படகுக்கு
பிரகாசியம்மா போட்டாள்.
இவ்வளவு அழகான ஒப்பந்தத்தைத்
தீவில்கூட நான் எழுதியதில்லை.

ஆடி எட்டாம் தேதி.
ஷாமியானா, மைக், மந்திரி வரும் வழியில் சுண்ணாம்புக் கோடு.
விடிந்து பார்த்தால்
காற்று இல்லை.
கொடி கம்பத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியது.
நாற்பது பேரும் பட்டத்தை மணலில் விரித்துவைத்து
இளநீர் குடித்தார்கள்.
பதினொன்றரைக்குக் கடலில் லேசாய் ஒரு சிலிர்ப்பு.
நடுவர் விசிலை எடுத்தார்.
படகு எங்கே என்றார்.

எங்கே?
பதினேழு நாள் கழித்து அடங்கிய கடல்
பின்னிரவு மூன்று மணிக்கே
மூன்றையும் கூப்பிட்டுக்கொண்டது.
விதிப்புத்தகத்தில் பதினாலாவது விதி:
மீட்புப் படகு இல்லையேல் போட்டி இல்லை.

மூன்றரைக்கு வந்தார்கள். சாளையும் சூரையும்
ஷாமியானா நிழலில் கொட்டி ஏலம் நடந்தது.
மைக்கை இஞ்ஞாசி மகன் பிடித்துக்கொண்டான்.
ஈ ஓட்டக் கையைத் தூக்கிய போர்த்துகல் பெண்
எழுநூறு ரூபாய்க்கு ஒரு சூரை எடுத்துவிட்டாள்.

பெர்னபாஸ் என் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.
“நாலாயிரத்தப் பிடிச்சுக்கிடும்.”
கையில் எனக்கென்று ஒரு பை, நாலு மீன்.
நோட்டைத் திறந்தேன்.
வரவு, செலவு, இரண்டே பத்திதான் அதில்.
மூடிவிட்டேன்.

மறுநாள் விடியுமுன் கச்சான் வந்தது.
ஷாமியானாவைப் பிடுங்கி
முள்ளுக்காட்டில் எறிந்தது.
நாற்பது பேரும் கத்திக்கொண்டு கடலுக்குள் ஓட,
பெர்னபாஸ் படகைத் தள்ளினான்,
முதுகு திருப்பியபடியே
“டீசல் தனி” என்றான்.